வாரத்தில் ஒரு மாலைதானா தமிழுக்கு?

நம் தமிழ் மேடைகளில் ஒரு குற்றச்சாட்டு பழகிப் புளித்துவிட்டது. திரைப்படமும் தொலைக்காட்சியும் தமிழனைக் கெடுத்துவிட்டன; அவற்றை விட்டொழித்தால் தமிழ் தழைக்கும் என்பதே அது. சொல்வோர் கைத்தட்டல் பெறுகின்றனர். கேட்போர் கைதட்டிவிட்டு வீட்டுக்குச் சென்று, அன்றிரவே படம் பார்க்கின்றனர். இக்குற்றச்சாட்டு பிழையானது என்பதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அது மெய்யான குற்றவாளியைத் தப்பவிடுகிறது என்பதே என் வழக்கு.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்களன்று மின்கட்டணமும் நீர்க்கட்டணமும் செலுத்த வேண்டும், அங்கே மலாய். செவ்வாயன்று சௌராஸ்தா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்க வேண்டும். அங்கே மலாயும் ஹொக்கியனும். புதனன்று மருந்தகம், அங்கே ஆங்கிலம். வியாழனன்று மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை, மீண்டும் மலாய். வெள்ளி மாலை லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடைக்காரர் தமிழில் வினவுகிறார். உடன் சென்ற பிள்ளை ஆங்கிலத்தில் விடை பகர்கிறது. சனிக்கிழமை தொலைக்காட்சியில் பூப்பந்தாட்டம். வருணனை மலாயில், அல்லது ஆங்கிலத்தில். ஞாயிறு மாலை திரைப்படம். அப்போதுதான் அவ்வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து, இரண்டரை மணி நேரம் தமிழைச் செவியாரக் கேட்கின்றனர்.

இப்போது சொல்லுங்கள்: குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது திரைப்படமா? எல்லாரும் கைவிட்ட பின் எஞ்சி நிற்கும் கடைசித் துணை அதுவன்றோ? எல்லாப் படமும் நற்படம் என்று நான் வாதாடவில்லை. ஆறு நாளைத் தமிழுக்கு மறுத்துவிட்டு, ஏழாம் நாளைக் குறை கூறுவது எவ்வகை நீதி என்றே வினவுகின்றேன்.

மலாய் நாட்டின் மொழி. ஹொக்கியன் அண்டை வீட்டாரின் மொழி. ஆங்கிலம் உலகின் கதவு. இவற்றைப் பேசுவது இழுக்கன்று, பெருமையே. கடையில் எம்மொழி பேசினோம் என்பதன்று கேள்வி. வீடு திரும்பிய பின், அன்று கண்டதைத் தமிழில் சொல்ல நமக்கு நா எழுகிறதா என்பதே கேள்வி.

நம் மாணவர் கட்டுரைகளைப் பாருங்கள். தென்றல் வீசுகிறது, குயில் கூவுகிறது, மனப்பாடம் செய்த பழமொழி உரிய இடத்தில் வந்து அமர்கிறது. எழுதிய பிள்ளையின் செவ்வாய்க்கிழமை மட்டும் அதில் இல்லை. சந்தையின் மீன் நாற்றம் இல்லை; சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றபோது தந்தை மௌனமாக எழுந்து சென்ற காட்சி இல்லை. தமிழ் என்பது தன் வாழ்வுக்கு வெளியே உள்ளதொன்று என்று அப்பிள்ளை கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுத்தவர் யார்? படத்தில் நடித்தவரா, நாமா?

சந்தைக்கு நாம் அந்நியரும் அல்லர். கடை, மலாயில் ‘கெடாய்’ ஆயிற்று. கப்பல் ‘காப்பால்’ ஆயிற்று. பெட்டியும் கட்டிலும் அம்மொழியில் குடியேறின. சௌராஸ்தா சந்தையின் ஓரத்தில் இன்றும் தமிழ்த் தெரு என்றொரு தெரு உண்டு. இந்நாட்டின் கடைவீதிக்குப் பெயரே கடனாகக் கொடுத்த மொழி, அக்கடைவீதியைப் பற்றி ஒரு பக்கம் எழுத நாணுகிறது!

அன்றாடம் இலக்கியத்துக்கு ஆகாது என்போர் பட்டினப்பாலையை மீண்டும் புரட்டுவாராக. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது என்ன? கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, சுங்கம் கொள்வோரின் விழிப்பு, ஓய்வுநாளில் கைகலந்து பொருத பரதவரின் ஆட்டம். சந்தைக்கும் விளையாட்டுக்கும் அப்பாட்டில் இடமுண்டு. அதில் காழகத்துப் பொருளும் வந்திறங்குகிறது. காழகத்தைக் கடாரம் என்பர் உரைகாரர். கடாரத்தைக் கெடா என்பர் ஆய்வாளர். 1786 வரை பினாங்குத் தீவு அந்தக் கெடாவைச் சேர்ந்ததே. நம் கரையின் சரக்கைப் புலவர் பாட்டில் ஏற்றினார். நாமோ அப்பாட்டைத் தேர்வுத்தாளில் இறக்கி வைத்ததோடு நின்றோம்.

விளையாட்டுக்கு வருவோம். தமிழகத்தார் இறகுப்பந்து என்பதை நாம் பூப்பந்து என்கிறோம். அவர்தம் கால்பந்து நமக்குக் காற்பந்து. ஸ்குவாஷ் ஆட்டத்தைச் சுவர்ப்பந்து என்கிறோம். இச்சொற்கள் நம்மிடையே நாள்தோறும் புழங்கக் காரணம் யார்? நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தை நள்ளிரவில் நிரப்பிய பெயரறியாத் துணையாசிரியர்களும், வானொலியில் செய்தி வாசித்தவர்களும். அவர்களுக்கு நாம் பொன்னாடை போர்த்தியதுண்டா?

பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் 8 முறை உலக வெற்றியாளரானார். 2006 முதல் 2015 வரை 108 மாதங்கள் இடையறாது முதலிடத்தில் இருந்தார். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய் 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தங்கத்தை இழந்தார்; நாடே கலங்கிற்று. கெடாவைச் சேர்ந்த சிவசங்கரி, 2022இல் சாலை விபத்தில் கடுங்காயமுற்று, 2024இல் லண்டன் சுவர்ப்பந்துப் போட்டியில் வாகை சூடினார். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டுத் தேடி நூலகமெல்லாம் அலைகின்றோம். அது நம் வீட்டுக் கூடத்தில் ஒளிர்ந்து அணைகிறது.

தன் வாரத்தைத் தமிழ் எழுதத் துணிந்தால் என்ன விளையும் என்பதற்கும் சான்றுண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த மலேசியத் தமிழ்ப் படத்தின் பெயர் ‘ஜகாட்’. தீயவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல், நம் மக்கள் நாவில் உருமாறிய வடிவம் அது. அப்படத்துக்கே 2016இல் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருது கிட்டியது. தூய்மை காக்கும் மேடைகள் செய்யாததை, திட்டு வாங்கிய திரை செய்தது.

ஆசிரியப் பெருமக்களே! 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியதிலிருந்து நம் கல்வி வரலாற்றைத் தொடங்குகிறோம். இருநூறாண்டு கடந்த அக்கல்வி, ஒரு பிள்ளையின் ஒரு வாரத்தைச் சொல்ல வல்லதாக வேண்டாமா? அடுத்த திங்கட்கிழமை தென்றலையும் குயிலையும் விட்டுவிடுங்கள். ‘சந்தைக்குச் சென்றேன்’, ‘ஆட்டம் பார்த்தேன்’, ‘படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனெனில்…’ என்று எழுதச் சொல்லுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் பிள்ளை தடுமாறும். அவ்விடத்தில் சிவப்பு மையை எடுக்காதீர்கள். அருகில் அமர்ந்து சொல் தேடிக்கொடுங்கள். தமிழ்ப் பணி என்று நாம் மேடையில் முழங்குவது அங்கேதான் தொடங்குகிறது.

ஞாயிறு மாலையைத் தமிழிடமிருந்து பறிக்க வேண்டா. மற்ற ஆறு நாளைத் திருப்பிக் கொடுங்கள்.