அழுக்குக்கு ஓர் ஒப்பாரி

சென்ற வாரம் ஓர் இளம் நண்பர் வந்திருந்தார். சினிமாவைக் கரைத்துக் குடித்தவர். பேச்சு எப்படியோ நியூயார்க் நகரத்து 42-வது தெருவுக்குப் போய்விட்டது. ஏழாவது அவென்யூவுக்கும் எட்டாவது அவென்யூவுக்கும் நடுவே வரிசையாக நின்ற அந்தச் சினிமாக் கொட்டகைகளைப் பற்றி அவர் உருகியதைக் கேட்டால், இடிந்துபோன கோயிலைப் பற்றிப் பேசுகிறார் என்றே தோன்றும். "கிரைண்ட்ஹவுஸ் போயிற்று, ஸார், அத்தோடு சினிமாவின் உயிரும் போயிற்று!" என்று பெருமூச்சு விட்டார்.

அவர் பிறப்பதற்கு முன்பே அவை மூடிவிட்டன. நானும் அவற்றைக் கண்டவன் அல்ல. ஆனால் காணாததைக் காதலிப்பதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

அவற்றில் பல, நாடகத்துக்கென்று கட்டிய மாளிகைகள். 1903-ல் திறந்த நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கில் ஸீக்ஃபெல்டின் ஆடல் பாடல்கள் கொடிகட்டிப் பறந்தன. 1930-களில் பொருளாதார மந்தம் வந்தது. நாடகம் போய்ச் சினிமா நுழைந்தது. காலையில் தொடங்கினால் நள்ளிரவு தாண்டும் வரை படம் ஓயாது. ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். 1960-களிலும் 70-களிலும் ரத்தமும் சதையும் அடிதடியுமே அங்கே பிரதான சரக்கு.

'நல்ல படங்களும் அங்கே ஓடினவே?' என்பது நண்பர் கட்சி. ஓடின, யார் மறுத்தது? பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஜார்ஜ் ரொமேரோ சொற்பப் பணத்தில் எடுத்து 1968-ல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', கறுப்பின நடிகர் ஒருவரைக் கதாநாயகராக்கியது. 1999-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் ஏறியது. பெருமை எடுத்தவருக்கு, கொட்டகைக்கு அல்ல. அந்த வியாபாரம் எதையும் போடும்.

'ஸ்னஃப்' என்ற படத்தின் கதையைக் கேளுங்கள். 1971-ல் அர்ஜென்டினாவில் எடுத்த ஒரு மட்டமான படத்தின் வாலில், ஒரு பெண்ணைக் கொல்வது போன்ற காட்சியை ஒட்டவைத்தார்கள். அது நிஜக் கொலைதானோ என்று ஜனங்கள் மயங்கும்படி விளம்பரம் செய்து, 1976-ல் நியூயார்க்கில் திரையிட்டார்கள். பெண்கள் வாசலில் மறியல் செய்தார்கள். விசாரித்ததில் நடிகை உயிரோடு இருப்பது தெரிந்தது, எல்லாம் பித்தலாட்டம்!

பித்தலாட்டம் என்றதும் நாம் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். நான் கேட்கிறேன்: உள்ளே போனவன் எதற்காகக் காசு கொடுத்தான்? ஒரு பெண் மெய்யாகவே சாவதைப் பார்க்கலாம் என்றல்லவா கொடுத்தான்? அந்த ஆசைக்கு டிக்கெட் கிழித்த வியாபாரத்துக்கா இந்த ஒப்பாரி?

ஒப்பாரியிலும் ஒரு வேடிக்கை. 2007-ல் ராட்ரிகெஸும் டரான்டினோவும் 'கிரைண்ட்ஹவுஸ்' என்றே பெயர் வைத்து இரட்டைப் படம் எடுத்தார்கள். புதுப் படத்தில் கீறல்களைச் செயற்கையாகச் சேர்த்தார்கள். 'ரீல் காணவில்லை' என்று அறிவிப்பும் காட்டினார்கள். ஏழையின் கிழிசலைப் பணக்காரப் பிள்ளை தையற்காரரிடம் சொல்லித் தைத்துப் போட்டுக்கொள்கிற அலங்காரம் இது.

அதற்காகத் தெருவைச் சுத்தம் செய்தவர்களுக்கு மாலை போடச் சொல்லவில்லை. டிஸ்னி கம்பெனி செப்பனிட்ட நியூ ஆம்ஸ்டர்டாம் 1997-ல் மறுபடி திறந்தது. வேலைப்பாடுகள் மீண்டன, சந்தோஷம். ஆனால் போக்கிடமில்லாதவனும் இரவு வேலை முடிந்தவனும் சில்லறைக் காசோடு வந்து, இரண்டு பட நேரம் இருட்டில் காலை நீட்டிக் கிடந்தார்களே, அவர்களுக்குப் புதிய வாசலில் இடம் உண்டா? அழுக்கைத் துடைத்தவர்கள் ஆளையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.

அழத்தான் வேண்டுமென்றால் அந்த மலிவு டிக்கெட்டுக்காக அழுங்கள். யார், எவர் என்று கேளாமல் திறந்திருந்த கதவுக்காக அழுங்கள். உள்ளே விற்ற சரக்குக்காக வேண்டாம்.

இதைச் சொன்னதும் நண்பர் காப்பியை வைத்துவிட்டு, "உங்களுக்கு ரசனை போதாது, ஸார்" என்றார்.

இருக்கலாம். கொலையைக் காசு கொடுத்துப் பார்க்கிற ரசனை எனக்குக் கடைசி வரை போதாமலே இருக்கட்டும்.