பசித்த கையை எடைத்தராசில் நிறுத்தாதீர்கள்

பெண்ணாடம், விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரங்களில் முந்திரி உடைத்தும், தொலி உரித்தும், ஆலைகளில் நாள் முழுக்க நின்றும் உழைக்கிற பெண்கள் நாங்கள் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். "கை ஓடலை, சோம்பேறி" என்ற பேச்சை இனி ஏற்க மாட்டோம். ஓடாத கைக்குப் பின்னால் காய்ந்த வயிறு இருக்கிறது.

எங்களில் ஒருத்தி விடியுமுன் எழுந்து உலை வைத்து, எல்லாருக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு டம்ளர் டீயோடு கிளம்புகிறாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீரையும் தவிர்க்கிறாள். பதினோரு மணிக்குக் கண் இருட்டுகிறது, கை நடுங்குகிறது. கத்தி ஒரு நூல் தள்ளி விழுந்தால் முழுப் பருப்பு உடைசலாகிறது. தெறிக்கிற ஓட்டெண்ணெய் விரலைப் புண்ணாக்குகிறது. கிலோக் கணக்கில் கூலி என்பதால் அவள் உடம்பில் குறைந்த இரத்தம் சாயங்காலக் கூலியிலும் குறைகிறது. கூலி குறைந்த வாரம் வீட்டில் முதலில் நிற்பது அவள் பங்கு முட்டைதான்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் பிராணவாயு போதாது. அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். இரும்புச்சத்து கொடுத்ததும் கொழுந்து பறிக்கும் அளவு கூடியதை 1979-இல் வெளியான ஆய்வு இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் காட்டியது. பெய்ஜிங் பஞ்சாலைப் பெண்களைப் பற்றிய 1994 ஆய்விலும் இரும்புச்சத்துக்குப் பின் வேலைத்திறன் உயர்ந்தது. அந்தப் பெண்களையும் அதுவரை சோம்பேறிகள் என்றுதான் சொல்லியிருப்பார்களோ என்னவோ.

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் எங்கள் பிள்ளைகள் பள்ளியில் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். மனமார வரவேற்கிறோம். அவர்களைப் பெற்றவள் மட்டும் வெறும் வயிற்றோடு வேலைக்கு வருவது என்ன நியாயம்?

1948 தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு உணவகம் வைக்கச் சொன்னது. 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 100 பேராக்கியது. இருபது, முப்பது பேர் உட்காரும் முந்திரிக் கொட்டகை இரண்டிலும் அடங்காது. ஆகவே பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகள் சேர்ந்து ஒரே சமையற்கூடம் நடத்த வேண்டும். வேலை தொடங்குமுன் கம்பங்கூழோ இட்லியோ, மதியம் பருப்பும் முருங்கைக்கீரையும் முட்டையும் சேர்ந்த சோறு. இதற்காகக் கூலியில் ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது. சோற்றோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. டீ இடைவேளையைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். காசில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. சுத்தமான, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் எங்கள் சத்துணவுக் கோரிக்கையில் சேர்ந்ததே.

சாப்பாடு போட்டால் உற்பத்தி கூடும். முதலாளிகளுக்கு அது லாபம். ஆனால் அதைக் காட்டி அன்றாட இலக்கை ஏற்றினால் எதிர்ப்போம். தெம்பாக வீடு திரும்புவதும் எங்கள் உரிமை.

வீட்டு ஆண்களுக்கும் மாமியார்களுக்கும் சொல்கிறோம்: எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை அவளுக்கு வைக்கிற வழக்கம் நம் வீட்டிலேயே ஒழிய வேண்டும்.

இயக்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்துக்கொள்வது முதல் வேலை. சீட்டு அவளிடமே இருக்கும். மேஸ்திரி கைக்குப் போகாது. பெயரில்லாமல் எண்களை மட்டும் தொகுத்து, அந்தக் கணக்கோடு முதலாளிகளிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் பேசப் போகிறோம்.