கோவளம் போக காசு இருக்கு, லீவு எடுக்கத்தான் பயம்

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். வயசு 26, ஐ.டி. வேலை, கையில மாசம் 45,000 வருது. "அண்ணா, நீங்க சொன்ன மாதிரி எஸ்.ஐ.பி.யை ஒரு மாசம்கூட நிறுத்தல, எமர்ஜென்சி ஃபண்டும் ரெடி. ரெண்டு வருஷமா லீவே எடுக்கல. இப்போ ஃப்ரெண்ட்ஸ் கோவளத்துக்கு சர்ஃபிங் கத்துக்கப் போலாம்னு கூப்பிடுறாங்க. 6,000 ரூபாய் ஆகும். வேஸ்ட்தானே அண்ணா?"

படிச்சதும் பெருமையா இருந்திருக்கணும். சங்கடமாத்தான் இருந்துச்சு. தினசரி டீ செலவை முப்பது வருஷத்துக்குப் பெருக்கிக் காட்டி வீடியோ போட்ட ஆள் நான். லீவு எடுக்காம இருக்கிறதும் ஒரு சேமிப்புதான்னு அவர் நினைச்சுக்கிட்டதுல எனக்கும் பங்கு இருக்கு.

என் பதில்: தாராளமா போயிட்டு வாங்க தம்பி. 6,000 ரூபாயைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல அந்த லீவைப் பத்திப் பேசணும்.

லீவு உங்க சம்பளத்தோட ஒரு பகுதி. நிறைய கம்பெனிகள்ல டிசம்பர் 31 தாண்டினா கேஷுவல் லீவு காலாவதி ஆகிடும். எர்ன்டு லீவுக்கு சில இடத்துல காசு தருவாங்க. அது பெரும்பாலும் பேசிக் சம்பளத்தை வெச்சுத்தான். பேசிக் 25,000னா ஒரு நாளைக்குச் சுமார் 833 ரூபாய். வேலையில இருக்கும்போதே அதை வாங்கினா முழுக்க வரிக்கு உட்பட்ட வருமானம். உங்க ஒரு திங்கட்கிழமையோட விலை அவ்வளவுதான்.

நான் சி.ஏ. முடிச்சு முதல்ல சேர்ந்த இடத்துல ஒரே வருஷத்துல 11 நாள் லீவை விட்டேன். டாக்ஸ் ஆடிட் சீசன், கிளையன்ட், டெட்லைன்னு காரணம் இருந்துச்சு. ஜனவரி 1 காலைல போர்ட்டலைத் திறந்தா பூஜ்யம். அப்பா அந்த வருஷம் மூணு தடவை "ரெண்டு நாள் வந்துட்டுப் போடா"ன்னு கூப்பிட்டிருந்தார். அதை எந்தக் கணக்குல எழுதுறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

சரி, கோவளத்துக்கு வருவோம். கேரளாவுல இருக்கிறது இல்ல, நம்ம ஈ.சி.ஆர். கோவளம். சென்னையில இருந்து சுமார் 40 கிலோமீட்டர், முட்டுக்காடு தாண்டினா வந்துடும். மீனவர் ஊர். அந்த ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் தானாவே அலைச்சறுக்கு கத்துக்கிட்டு, ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுத்து சர்ஃப் ஸ்கூல் ஆரம்பிச்சவர். இன்னைக்கு வெளியூர்க்காரங்க போய் போர்டுல விழுந்து விழுந்து கத்துக்கிறது அப்படி உருவான ஊர்லதான். காலைல ஆறு, ஆறரைக்கு வகுப்பு, எட்டரைக்குள்ள இட்லி, அப்புறம் தூக்கம். இதுக்கு மேல அங்க பெருசா எதுவும் பண்ண வேண்டியதில்ல. அதான் விஷயமே. ஒண்ணு மட்டும், வடகிழக்குப் பருவமழை மாசங்கள்ல கடல் முரட்டுத்தனமா இருக்கும். முதல் தடவை போறவங்க அப்போ போகாதீங்க.

எல்லாரும் சனிக்கிழமை போறாங்க. ஞாயிறு மதியம் போய் திங்கள் சாயங்காலம் திரும்புங்க. நான் போனப்போ, ஒரே ரூம் சனிக்கிழமை ராத்திரிக்கு 3,500, ஞாயிறு ராத்திரிக்கு 2,200. 1,300 ரூபாய் வித்தியாசம், நீங்க போடற லீவோ 833. (ரூமை ரெண்டு பேர் பகிர்ந்தா ஆளுக்கு 650தான் மிச்சம், கணக்குப்படி நஷ்டம்னு ஆடிட்டர் மூளை சொல்லும். கூட்டமில்லாத கடற்கரைக்கு 183 ரூபாய் கொடுத்ததா வெச்சுக்கோங்க.) பில்லையும் பாருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5%. அந்த ரூமுக்கு 18% போட்டிருந்தா ஏன்னு கேளுங்க.

"எல்.டி.ஏ. க்ளெய்ம் பண்ணலாமா?"ன்னு உடனே கேப்பீங்க. பழைய வரி முறையில இருந்தா, சம்பளத்துல எல்.டி.ஏ. இருந்தா, பண்ணலாம். ஆனா அது பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். ரூம், சாப்பாடு, சர்ஃப் வகுப்பு எதுவும் வராது. நாலு வருஷத்துல ரெண்டு பயணத்துக்குத்தான் விலக்கு. அதுல ஒண்ணைக் கோவளம் பஸ் டிக்கெட்டுக்கு வீணாக்காம, டெல்லிக்கோ அந்தமானுக்கோ ஃப்ளைட்ல போறப்போ வெச்சுக்கோங்க.

நான் கறாரா இருக்கிறது ஒரு விஷயத்துலதான். காசை முன்னாடியே சேர்த்துட்டுப் போங்க. லீவு விட்டதுக்கு அடுத்த வருஷம், வீம்புக்குன்னே நண்பர்களோட ஒரு கடற்கரை ட்ரிப் போனேன். கிரெடிட் கார்டுல 14,000. பில் வந்ததும் மினிமம் ட்யூ 700 மட்டும் கட்டினேன். சி.ஏ. படிச்சவன்! மாசம் 3.5% வட்டின்னா 490, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. 88, ஆக 578. கட்டின 700ல அசலுக்குப் போனது 122 ரூபாய்தான். செலவு பண்ண தேதியில இருந்தே வட்டி ஓடுறதால நிஜத்துல அதைவிடக் குறைவு. பாக்கி இருக்கிற வரைக்கும், புதுசா போடற பெட்ரோலுக்கும் முதல் நாள்ல இருந்தே வட்டி. ரெண்டு நாள் ட்ரிப்பை ஏழு மாசம் கட்டினேன். போட்டோ பாக்கவே பிடிக்கல.

அதனால மாசம் 1,000 ரூபாய் தனியா ஒரு ஆர்.டி.ல போடுங்க. ஆறு மாசத்துல கோவளம் வந்துடும். எஸ்.ஐ.பி.யைத் தொட வேண்டாம், கார்டையும் தொட வேண்டாம்.

அந்தத் தம்பி திங்கட்கிழமைக்கு லீவு அப்ளை பண்ணிட்டாராம். "மேனேஜர் ஒரு நிமிஷத்துல அப்ரூவ் பண்ணிட்டார் அண்ணா, ரெண்டு வருஷமா நான்தான் கேக்கவே இல்ல"ன்னு எழுதியிருக்கார். நீங்களும் உங்க லீவ் பேலன்ஸைத் திறந்து பாருங்க. டிசம்பர் 31க்கு எத்தனை நாள் காலாவதி ஆகப்போகுதுன்னு கமெண்ட்ல போடுங்க, என் 11ஐ யாராவது தாண்டுறீங்களான்னு பாப்போம்.