கார்ல சப்வூஃபர் மாட்டப் போறீங்களா? ஸ்பீக்கரை விட ஃபியூஸ் முக்கியம்... ஏன்?

சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதமாகக் குறைந்தது. பேஸ் மாடலை வாங்கி, மியூசிக் சிஸ்டத்தை வெளியில் மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் பலர். விருத்தாசலம் போன்ற ஊர்களிலும் இதுதான் நிலை. ஆனால் சப்வூஃபர் விஷயத்தில் கோட்டை விட்டால், போவது சத்தம் மட்டுமல்ல, காரே போகலாம்.

தனி வயர் எதற்கு?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட்ஸை நம்ப வேண்டாம். 'ஆர்எம்எஸ்' என்ற எண்தான் உண்மையான திறன். 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் ஆம்ப்ளிஃபயர் 80 சதவிகிதத் திறனில் இயங்கினால், அது பேட்டரியிலிருந்து இழுப்பது 625 வாட்ஸ். இதை 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 45 ஆம்பியர்! காரில் ஏற்கெனவே உள்ள ஸ்டீரியோ லைன் பொதுவாக 10, 15 ஆம்பியர் ஃபியூஸில் ஓடுவது. அதிலிருந்து டேப் அடித்தால் தாங்காது. அதனால்தான் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடிமனான வயர் வேண்டும்.

இந்த அளவுக்கு 4 கேஜ் செம்பு வயர், அதாவது சுமார் 21 சதுர மி.மீ., பாதுகாப்பானது. விலை குறைவு என்று கிடைக்கும் 'சிசிஏ' வயர், செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் மின்தடை அதிகம், சூடும் அதிகம்.

பீங்கான் ஊருக்குத் தெரிந்த பாடம்

வீட்டு மெயின் போர்டில் இருக்கும் பீங்கான் ஃபியூஸ் கேரியரை நினைத்துப் பாருங்கள். அடிக்கடி ஃபியூஸ் போகுதுன்னு தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டால், பிறகு எரிவது வீட்டு வயரிங்தான். காரிலும் அதே கதை. ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, வயரை. இன்ஜின் பக்கத்திலிருந்து டிக்கி வரை போகும் வயர், தகட்டின் விளிம்பில் உரசி பாடியைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருந்தால் அங்கேயே துண்டிக்கும். இல்லையென்றால் வயர் பழுத்து, பக்கத்தில் இருக்கும் கார்ப்பெட் பற்றிக்கொள்ளும்.

இன்னொரு சுவாரஸ்யம்: பல சப்வூஃபர்களின் பின்னால் இருக்கும் கனமான கறுப்புக் காந்தமும் ஒருவகை பீங்கான்தான். இரும்பு ஆக்சைடையும் ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டையும் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டெடுப்பது.

ஓம் கணக்கு

இரண்டு 4 ஓம் காயில்களை பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8 ஓம். ஆம்ப்ளிஃபயர் தாங்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால், அது அளவுக்கு மீறி கரன்ட் இழுத்து சூடாகிக் கருகும். எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில், முடிந்தவரை நீளம் குறைவாகப் போட வேண்டும். சிக்னல் கேபிளை பவர் வயருக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தால் இரைச்சல் வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் அருகே அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 50, 40. சாலையில் வாகன ஒலித் தரத்தை மீறினால், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறைக்கே ரூ.10,000 வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

வெளியில் மாட்டிய ஆடியோவுக்கு சாதாரண காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பது கடினம். கூடுதல் பிரீமியம் கட்டி, 'ஐஎம்டி 24' என்ற சேர்க்கையின் கீழ் அதைப் பாலிசியில் சேர்க்க வேண்டும்.

ஆக, கடையில் "எத்தனை வாட்ஸ்?" என்று கேட்பதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: வயர் முழுச் செம்பா, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், அது பேட்டரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்? பதில் சொல்லத் தயங்கினால், வேறு கடை பார்ப்பது நல்லது.