பிளைட் சிமுலேட்டர் விமானம் ஓட்டக் கற்றுத் தருமா?

“கம்ப்யூட்டரில் பிளைட் சிமுலேட்டர் நன்றாக ஓட்டுகிறேன். நிஜ விமானமும் சுலபமாக வந்து விடும்தானே?” நான் பைலட் பயிற்சியில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பயிற்சியில் சேரும் முன் நானும் அப்படித்தான் நம்பிக் கொண்டிருந்தேன். நடந்தது வேறு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கனவோடு யாராவது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பள்ளி நாட்களிலிருந்தே எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் இருந்தது. 2006ல் வெளியான பதிப்பு அது. செஸ்னா 172 விமானத்தில் எந்த மீட்டர் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்வேன். பயிற்சி நிலையத்தில் முதல் முறை நிஜ செஸ்னாவில் ஏறி உட்கார்ந்த போது பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அந்த நினைப்பு டேக் ஆப் வரைதான் நீடித்தது. பவர் கொடுத்ததும் விமானம் ஓடுபாதையின் இடது பக்கமாக இழுத்துக் கொண்டு போனது. இந்த வகை ஒற்றை இன்ஜின் விமானத்தில், புரொப்பல்லர் சுழல்வதால் மூக்கு இடது பக்கம் திரும்பப் பார்க்கும். வலது காலால் ரட்டர் பெடலை அழுத்தி நேராக வைக்க வேண்டும். எனக்கு மட்டும் ஏன் இது பழக்கமில்லை? அன்று இரவு லேப்டாப்பில் சிமுலேட்டரின் ரியலிசம் செட்டிங்ஸைத் திறந்தேன். ஆட்டோ ரட்டர் என்ற இடத்தில் டிக் இருந்தது! இத்தனை வருடமாக என் கால்கள் செய்ய வேண்டிய வேலையை சாப்ட்வேர் செய்து வந்திருக்கிறது.

அடுத்த பிரச்னை கண். மானிட்டரில் பறந்து பழகியவனுக்குப் பார்வை மீட்டர்களை விட்டு நகராது. உயர மீட்டர் ஐம்பது அடி குறைந்தால் உடனே கையை அசைப்பேன். நிஜத்தில் அடிவானத்தைப் பார்த்து மூக்கை ஒரே நிலையில் வைத்தால் மீட்டர்கள் தானாகவே அடங்கி விடும். சுற்றிலும் வேறு விமானம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஒரு நாள் மீட்டர்களை அட்டையால் மூடி விட்டு, “இப்போது ஓட்டு” என்றார். அன்றுதான் விமானம் ஓட்டத் தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பயந்தது லேண்டிங்கில்தான். ஒரு நாள் காலை சக்கரம் தரையில் பட்டு விமானம் மேலே துள்ளியது. வீட்டில் செய்வது போலவே மூக்கைக் கீழே தள்ளினேன். சிமுலேட்டரில் என்ன ஆகும்? இரண்டு முறை குதித்து நிற்கும். மோசமாகப் போனால் ரீசெட். நிஜத்தில் முன் சக்கரம் முதலில் தரையில் மோதும். துள்ளல் பெரிதாகும். புரொப்பல்லர் தரையில் அடிக்கக் கூட வாய்ப்பு உண்டு. என் கையிலிருந்து கன்ட்ரோலை வாங்கிய இன்ஸ்ட்ரக்டர், முழு பவர் கொடுத்து மீண்டும் மேலே ஏற்றினார். கீழே இறங்கிய பின், “அது உன் கை செய்த தப்பு இல்லை, உன் பழக்கம் செய்த தப்பு” என்றார்.

பழக்கத்தை மறக்கப் பணம் செலவாகிறது. அப்பா கடன் வாங்கித்தான் என்னைச் சேர்த்திருந்தார். கூடுதலாகப் பறந்த ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கடனில் ஏறியது. சிமுலேட்டரையே தொட்டிராத என் அறை நண்பர் எனக்கு முன்பே தனியாகப் பறந்து விட்டார். எனக்கு அந்த நாள் வந்த போது முதல் லேண்டிங்கில் உயரமாக வந்து விட்டேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. எப்படியாவது இறக்கி விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பவர் கொடுத்து மீண்டும் ஒரு சுற்று வந்து இறங்கினேன். வீட்டில் ஒரு தடவை கூட அப்படிச் செய்ததில்லை.

அப்படியானால் சிமுலேட்டர் வீணா? இல்லவே இல்லை. செக் லிஸ்ட்டை மனப்பாடம் செய்யவும், வி.ஓ.ஆர். ஊசி எப்படி நகர்கிறது என்று புரிந்து கொள்ளவும் அதைப் போல மலிவான வழி வேறு இல்லை. வேறு விமான நிலையத்துக்குத் தனியாகப் போய் வர வேண்டிய பயணத்துக்கு முந்தைய இரவு, 2020ல் வந்த பதிப்பில் அதே வழியில் பறந்து பார்த்தேன். அது செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு தரையைக் காட்டுகிறது. மறுநாள் ஏரியும் ரயில் பாதையும் எதிர்பார்த்த இடத்தில் வந்தன. மூளை செய்யும் வேலைக்கு சிமுலேட்டர் நல்லது. கையும் காலும் செய்யும் வேலைக்கு அதை நம்பாதீர்கள் என்பதே என் கருத்து.

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டு கம்ப்யூட்டரில் பறந்த ஆயிரம் மணி நேரத்தில் ஒரு நிமிடம் கூட அந்தக் கணக்கில் சேராது. எனவே மகனோ மகளோ பைலட் ஆக ஆசைப்பட்டால் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுக்கு முன் ரட்டர் பெடல் வாங்கிக் கொடுங்கள். ஆட்டோ ரட்டரை நிறுத்துங்கள். கன்ட்ரோல் + ஈ அழுத்தி இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், செக் லிஸ்ட்டைப் படித்து ஒவ்வொரு ஸ்விட்ச்சாகப் போடச் சொல்லுங்கள். லேண்டிங் சரியாக வராவிட்டால் ரீசெட் செய்ய விடாதீர்கள். மேலே ஏறி இன்னொரு சுற்று வரட்டும். இந்த ஒரு பழக்கம் எனக்கு முன்பே இருந்திருந்தால் அந்தக் காலை நேரத்து பயமும் அப்பாவின் பணமும் கொஞ்சம் மிச்சமாகி இருக்கும்.