பயிலுநரும் எழுத்துப் பணியும்
எழுத்துப் பணி பயில விரும்புவோர் பெருநிறுவனங்களையே நாடுகின்றனர். சிறிய அலுவலகமே மேல் என்பது என் கருத்து. வரைய ஒருவர், மெய்ப்புப் பார்க்க ஒருவர் என அங்கு ஆளிராது. பயிலுநரின் வரைவே அச்சேறும்.

1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தபோது பாரதிக்கு அகவை 21. பயிலுநர் என்னும் பெயர்தான் இல்லை; ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்கியது பயிற்சியன்றி வேறென்ன? ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரிடம் ஒப்படைத்தது ஏவல் வேலையன்று. மக்கள் படிக்கும் பத்திகள். 1906இல் 'இந்தியா' இதழை நடத்தும் பொறுப்பு பாரதியிடம் வந்தது.

பயிலுநரை மதித்தல் என்பது பாராட்டுரை வழங்குவதன்று. உடனமர்ந்து திருத்துவதும், 'இச்சொல் எதற்கு?' என வினவுவதுமே மதிப்பு. உதவித்தொகையும் அதனுள் அடங்கும். பயிற்சியின் பெயரால் உழைப்பை இலவசமாகப் பெறும் இடங்களும் உள. ஆதலின், தொகை எவ்வளவு, வரைவைத் திருத்துபவர் யார் என்னும் இரண்டையும் சேருமுன்னரே கேட்டறிக.