கைமாறிய நிறுவனம், கைவிடப்பட்ட இடஒதுக்கீடு

முத்துப்பேட்டையில் விவசாயக் கூலிக் குடும்பத்தின் முதல் பட்டதாரி இன்று கணினித் துறையில் வேலை தேடினால், அவர் முன் இருப்பவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே. அங்கு இடஒதுக்கீடு இல்லை. ஆனால் இத்துறை தொடக்கம் முதலே முழுக்கத் தனியாரிடம் இருக்கவில்லை.

ஒன்றிய அரசு 1975இல் தொடங்கிய சி.எம்.சி. நிறுவனம், 1978இல் ஐ.பி.எம். வெளியேறியபின் அதன் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது. தொடர்வண்டிப் பயணத்துக்கான கணினி முன்பதிவை 1980களில் உருவாக்கியதும் அதுவே. பொதுத்துறை என்பதால், பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என்னும் விதி அதற்கும் பொருந்தியது. 2001இல் அதன் 51 விழுக்காடு பங்குகளை வாஜ்பாய் அரசு டாட்டா சன்ஸுக்கு விற்றது. 2015இல் அது டி.சி.எஸ். நிறுவனத்தோடு இணைந்தது.

இத்தகைய விற்பனையில் ஊழியர் இழப்பது என்ன? நாற்காலியும் சம்பளமும் அப்படியே தொடரலாம். ஆனால் பதவி உயர்வுக்கான இடஒதுக்கீட்டுப் பதிவேடு மறைகிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தொடுக்கும் உரிமையும் போகிறது. பால்கோ வழக்கில், நிறுவனம் அரசுடையதாகவே நீடிக்க வேண்டும் எனக் கோர ஊழியர்க்கு உரிமையில்லை என்று 2001 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022இல் டாட்டாவிடம் சென்ற ஏர் இந்தியாவின் ஊழியர்கள் அதற்கு முன்பே தொடுத்திருந்த ரிட் மனுக்களும் 2024 மே மாதத் தீர்ப்பில் பயனற்றுப்போயின.

தனியார் துறை தகுதியை மட்டுமே பார்க்கிறது என்பார்கள். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பி ஆராய்ந்த சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும், தலித் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவு என்பதை 2007இல் நிறுவினர். 2006இல் இந்தியத் தொழில் கூட்டமைப்பு அறிவித்த நடத்தை நெறியோ, யாரையும் கட்டுப்படுத்தாத தன்விருப்ப ஏற்பாடு மட்டுமே.

அரசமைப்பின் 16(4) பிரிவு அரசுப் பணிகளைப் பற்றியே பேசுகிறது. எனவே ஒவ்வொரு பங்கு விற்பனையும் அப்பிரிவின் எல்லையைச் சுருக்குகிறது. சட்டத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் இடஒதுக்கீடு கரைகிறது. தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டுக்கு 93ஆவது திருத்தம் வழி திறந்தது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கல்லூரி வாசல்வரை வந்த சமூகநீதி அலுவலக வாசலில் நிற்பது ஏன்? தனியார் துறை இடஒதுக்கீட்டுச் சட்டம் வரும்வரை, பொதுத்துறை விற்பனை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இடஒதுக்கீட்டைத் தொடரும் நிபந்தனை இடம்பெற வேண்டும். அதைக் கோருவது, நாளை அந்த வாசலில் நிற்கப்போகும் மாணவர்களின் பணியும்தான்.